கொள்ளைக்காரி காம்பரா

"ஒனக்கு எதுக்குடி அந்தக் கத? வந்து இன்னும் வாசல்ல கோலங்கூடப் போடல, அதுக்குள்ள ஊருக் கதைக்குக் காது நீண்டு போச்சா? போ, அடுப்புல சோறு கொதிக்குதா கரியுதான்னு பாரு."

பக்கத்துக் காம்பராவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணை நான் இப்படித்தான் திட்டினேன். திட்டாமல் என்ன செய்வது? கல்யாணமாகித் தோட்டத்து லயத்துக்கு, இந்த வரிசை வீடுகளுக்கு, வந்தவள் கொழுந்து பறிக்கப் பழகுவதற்கு முன்னால் கதை பறிக்க வந்துவிட்டாள். ஆனால் பாவம், முகம் வாடியிருந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் எவளோ ஒருத்தி, "நீ கொள்ளக்காரி காம்பராவுக்கா வந்திருக்க?" என்று கேட்டுவிட்டாளாம். அதிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை. எந்தக் கொள்ளைக்காரி, எதைத் திருடினாள், எங்கே புதைத்தாள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் புருஷனைத் தோண்டச் சொல்லியிருக்கிறாள். அந்த மடையனும் அடுப்படியில் ஒரு மூலையைத் தோண்டியிருக்கிறான். ஒரு துருப்பிடித்த கரண்டி கிடைத்ததாம்.

நான் சிரித்து ஓய்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மிச்ச மூலைகளையும் தோண்டிச் சுவரைச் சாய்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று உட்கார்ந்தேன்.

அந்தக் காம்பராவில் இருந்தவள் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக்கூடக் கேட்காமல் பறிக்காதவள். பெயரை நான் சொல்ல மாட்டேன். இப்போது லுணுகலையில் மகளோடு பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கௌரவமாக இருக்கிறாள், அங்கேயும் நான் போய்ப் பெயரைக் கெடுக்க வேண்டாம். கொள்ளை என்பது அவள் செய்த வேலை அல்ல. அவள் வாயில் குடியிருந்த சொல். பதுளைக் கடைத்தெருவில் நின்று அந்தச் சொல்லை அவள் கத்தினால், எதிர்ப்பக்கத்துக் கடைக்காரனும் தன் தராசை ஒருதரம் சரிபார்ப்பான்.

ஆள் என்னவோ குச்சி. காற்றடித்தால் கொழுந்துக் கூடைதான் அவளைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்னால் மூக்கு விரியும், மூக்குத்தி ஒரு பக்கமாகச் சாயும். தெரிந்த கடைக்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், மூக்குத்தியைத்தான் பார்ப்பார்கள். மூக்குத்தி சாயத் தொடங்கியதும், "இல்லக்கா, மாத்திச் சொல்லிட்டேன்" என்று விலை தானாக இறங்கும்.

எல்லா விலைக்கும் கத்துவாள் என்று நினைத்தால் அது தப்பு. ஒருமுறை பேய் மழை பெய்து வெலிமடைப் பக்கம் தோட்டமெல்லாம் அழுகிப் போனது. மரக்கறி லொறி வந்தபோது கெரட்டை விலை கேட்டவர்கள் எல்லாம் கையை நெஞ்சில் வைத்தார்கள். நாங்கள் அவள் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். மூக்குத்தி அசையவே இல்லை. இரண்டே இரண்டு கெரட்டை எடுத்துக்கொண்டு சல்லியைக் கொடுத்துவிட்டு வந்தாள். உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"மழ அழிச்சதுக்கு அவன் என்ன செய்வான், மதினி? வெல ஏறுனா அது வெல ஏத்தம். பேராசைல கேட்டா அநியாயம். ஒனக்கு வேற வழி இல்லன்னு ஒம் மொகத்தப் பாத்துட்டு ஏத்துறான் பாரு, அதான் கொள்ள. மூணும் ஒண்ணா?"

நானும் அவளும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள். ஆனாலும் ஒரு சொல்லை எங்கே எடுப்பது, எங்கே வைப்பது என்பதில் அவளுக்கு அத்தனை கறார்.

அந்தக் கறாரால் கால் வீங்கியது எனக்குத்தான். தெமோதரைப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்ற நாள் ஒன்று. வான் வண்டிக்காரன் ஒருவன் வந்தான். ரோட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், வழக்கமான காசைப் போல் இரண்டு மடங்கு சொன்னான். மூக்குத்தி சாய்ந்தது. கத்தியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கொள்ளைக்காரன் வண்டியில் ஏற மாட்டேன் என்று நடக்கத் தொடங்கிவிட்டாள். கூட வந்த பாவத்துக்கு நானும் நடந்தேன். நியாயம் அவளுக்கு, கால் வலி எனக்கு. போகிற வழியெல்லாம் வான் எங்களைத் தாண்டிப் போகும்போது நான் ஆசையோடு பார்த்ததை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

காசு இல்லாத இடத்திலும் அந்தச் சொல்லைக் கொண்டுபோவாள். கோயிலில் திருவிழாக் கூட்டத்தில் ஐயர் அவசரமாக அர்ச்சனையை முடித்து, தட்டை நீட்டினார். "முழுத் தேங்காய வாங்கிட்டு அரை மந்திரத்த முழுங்கினா, அது கொள்ள இல்லாம என்ன சாமி?" என்று சந்நிதியிலேயே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தட்டை நீட்டினால் ஐயர் முதலில் இருந்து தொடங்குவார். அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள்தான் அம்மனை வேண்டிக்கொள்வார்கள், சீக்கிரம் முடிய வேண்டும் என்று.

வீட்டில் புருஷன் மூன்றாவது மீன் துண்டுக்குக் கை நீட்டினால் கொள்ளை. மகள் சின்னக் காயத்துக்குப் பெரிய அழுகை அழுதால் கொள்ளை. "கால்ல முள்ளு குத்துனதுக்கு இம்புட்டு அழுதா, கால் ஒடஞ்சவ அழறதுக்கு என்னாடி மிச்சம் இருக்கும்?" என்பாள். அந்தப் பிள்ளையும் அளந்து அழப் பழகிக்கொண்டது.

இப்படிப்பட்டவளுடைய மகளுக்குத்தான் லுணுகலையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை தெமோதரையில் தேயிலை பெக்டரியில் மெஷின் வேலை. தகப்பன் இல்லை. தாய் மட்டும்தான். அந்த அம்மா பேசினால் பக்கத்தில் இருப்பவர்களே குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு மெதுவான குரல். பெண்ணைப் பிடித்துவிட்டது. மகளுக்கும் பையனைப் பிடித்துவிட்டது, போனை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிக்குள் மறையத் தொடங்கிவிட்டாள். அந்த நேரத்தில் யாரோ புண்ணியவான் லுணுகலைக்குப் போய், பெண்ணின் தாயைக் கொள்ளைக்காரி என்பார்கள் என்று சொல்லிவிட்டான்.

அந்த அம்மா திருட்டு என்றே நினைத்துப் பயந்துபோய் ஆள் அனுப்பினார். நாங்கள் நாலு பேர் போய் விளக்கம் சொன்னோம். திருட்டுப் பயம் போய், வேறு பயம் வந்தது. அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தன்னுடைய மெதுவான குரலில் சொன்னாராம், தன் மகன் கூச்ச சுபாவம், கடைத்தெருவில் நின்று சத்தம் போடுகிற வீட்டில் பெண் எடுத்தால் ஊர் சிரிக்கும், அவன் தாங்க மாட்டான் என்று. பதுளைக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகிற அன்று அந்தச் சொல் ஒருமுறை காதில் விழுந்தாலும் பேச்சு அதோடு நின்றுவிடும் என்றும் சொன்னாராம்.

இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி என்னிடம் வந்து, வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு போனால் வார்த்தை வராதா என்று கேட்டாள். வெற்றிலையோடு சேர்ந்து சிவப்பாக வரும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. 

அந்த நாளும் வந்தது. பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர்தான் போனோம், அவள், நான், மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து கடையில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

சேலைக்கடை முதலாளி அந்த அம்மாவைப் பார்த்ததும் கண்டுகொண்டார், இது பேரம் பேசாத கை என்று. கூறைச்சேலையை விரித்தார், விலையையும் விரித்தார். நான் மூக்குத்தியைப் பார்த்தேன். சாய்ந்துகொண்டிருந்தது. அவள் என் தொடையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள் பார், கல்யாணம் நடந்து பிள்ளை பிறந்த பிறகும் அந்த நீலம் போகவில்லை. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கிள்ளு. முதலாளி நாலாவது சேலையை எடுக்கப் போனபோது நான் இடம் மாறி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வியர்த்து, கண் பிதுங்கி, இருமி, தண்ணீர் வாங்கிக் குடித்து, எப்படியோ சேலை எடுத்தாயிற்று. ரவிக்கைத் துணி வெட்ட அந்த அம்மா மேல்மாடிக்குப் போனார். நாங்கள் காற்று வாங்க வாசலுக்கு வந்தோம். தப்பித்தோம் என்று நான் மாரியம்மனுக்குக் கும்பிடு போட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் மழை கொட்டியது.

பஸ் ஸ்டாண்ட் பக்கமாக ஒருவன் குடை விற்றுக்கொண்டிருந்தான். மழைக்கு முன்னால் நானூறு, நானூறு என்று தொண்டை கிழியக் கத்தியவன்தான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஒரு சிங்களக் கிழவி, மார்போடு எக்ஸ்ரே உறையை அணைத்துக்கொண்டு, அது நனையாமல் இருக்கக் குனிந்தபடியே ஓடிவந்து குடை கேட்டாள். அவன் மழையைப் பார்த்தான், உறையைப் பார்த்தான், எண்ணூறு என்றான்.

நான் அவள் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன். எட்டவில்லை.

"கொள்ள. கொள்ள. கொள்ள."

காலையில் இருந்து அடக்கி வைத்தது அத்தனையும் சேர்ந்து வந்தது. மழைச் சத்தத்தையும் மீறி பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது.

இதில்தான் ஒரு கூத்து. நம் வாயில் அது கொள்ள. சிங்களத்தில் கொல்லா என்றால் பையன். நடுரோட்டில் ஒரு தாய் நனைந்துகொண்டு பையன், பையன், பையன் என்று கத்தினால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

அந்தக் கிழவி குடையை மறந்துவிட்டு, "அனே" என்று பரிதாபப்பட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைகளில் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "கொல்லா கோ? கொல்லா கோ?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். பையன் எங்கே என்று. இவளுக்குச் சிங்களம் விலை கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். தன் கட்சிக்கு இத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து, குடைக்காரன் பக்கம் கையைக் காட்டி இன்னும் இரண்டு தரம் கத்தினாள். பையன் அந்தப் பக்கமாகத்தான் போனான் என்று நாலு ஓட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

சந்தியில் நின்ற பொலிஸ்காரர் விசிலோடு வந்து சேர்ந்தார். பையனுக்கு வயது எத்தனை என்று கேட்டார். மழையில் அவள் காதில் விழுந்தது கடைசியில் வந்த "கீயத" மட்டும்தான். விலை எவ்வளவு என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நல்ல சிங்களத்தில், "அட்டசீயய்" என்றாள். எண்ணூறு. அவர் காதில் விழுந்தது "அட்ட" மட்டும். எட்டு வயதுப் பையன் என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். எனக்கு நன்றாகச் சிங்களம் வரும்தான். ஆனால் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறவள் எப்படிப் பேசுவது? தலைப்பை எடுத்திருந்தால் பொலிஸ்காரர் முகத்திலேயே சிரித்திருப்பேன்.

சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேல்மாடியில் அவருக்கு இவள் குரல் கேட்கவில்லை. கீழே வந்ததும் கேட்டது, பையன் காணாமல் போய்விட்டான் என்று சிங்களத்தில் பேசிக்கொண்டதுதான். யாருடைய பையன் என்று விசாரித்தார். இதோ இந்த அம்மாவுடைய பையன் என்று கிழவி இவளைக் காட்டினாள். இவளுக்கு இருப்பது ஒரே ஒரு பெண். அப்படியானால் பையன் என்றால் யார்? பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு, மதியமாகியும் வராமல், போனையும் எடுக்காமல் இருக்கிற தன் மகன்தானே?

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனில் இருந்த மகனின் படத்தை எடுத்துப் பொலிஸ்காரரிடம் காட்டினார். பொலிஸ்காரர் படத்தில் இருந்த மீசையைப் பார்த்தார், எட்டு விரலை மடக்கினார், ஓட்டோக்காரர்களிடம் படத்தைக் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஹோன் அடித்துக்கொண்டு ஒரு ஓட்டோ வந்தது. "மென்ன கொல்லா", இதோ பையன் என்று கூவிக்கொண்டு ஒருவன் மாப்பிள்ளையைத் தோளைப் பிடித்து இறக்கினான். எங்கே இருந்தான் என்றா கேட்கிறாய்? எப்போதோ வந்துவிட்டான். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பொம்பிளைகள் நிறைந்த சேலைக்கடைக்குள் வரக் கூச்சப்பட்டு, அடுத்த தெரு டயர் கடைக்குள் நின்று கடலை தின்றுகொண்டிருந்திருக்கிறான். இப்போது பஸ் ஸ்டாண்டே அவனைப் பார்த்துக் கைதட்டியது. கிழவி அவன் கன்னத்தைத் தடவி, இனிமேல் அம்மா கையை விட்டு ஓடக் கூடாது மகனே என்று புத்தி சொன்னாள். அவன் தலையை ஆட்டி, சரி என்றான். வேறு என்ன சொல்வான்?

மாப்பிள்ளையின் அம்மா வந்து இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் ஓடியது. பெற்ற நானே ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் மழையில் நின்று என் பிள்ளைக்காக ஊரைக் கூட்டினீர்களே, இந்தச் சத்தத்துக்குப் போய் நான் பயந்தேனே என்று விம்மினார்.

என் நெஞ்சு குதித்தது. கல்யாணம் முடிந்த மாதிரிதான். இனி இவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் அவள் காலை மிதித்தேன். நன்றாக ஊன்றி மிதித்தேன். ஆனால் மூக்கு விரிந்துவிட்டது.

"கைய விடுங்க சம்மந்தியம்மா. இது கொள்ள."

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை.

"நான் ஒங்க மகனுக்காகக் கத்தல. அவரு வரலங்கிற நெனப்பே எனக்கு இல்ல. கொடைக்காரன் மழையப் பாத்து வெலைய ஏத்துனான், அதுக்குத்தான் கத்துனேன். ஒங்களுக்குக் குடுத்த வாக்க மீறித்தான் கத்துனேன். நீங்க பிள்ளையக் காணோம்னு தவிச்சு நிக்கிறீங்க. அந்த நேரம் பாத்து, செய்யாததுக்கு இம்புட்டுப் பாசத்த வாங்கிட்டுப் போனா, அவனுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்?"

பிடித்த கைகள் விலகின.  நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். வீட்டில் காத்திருக்கிற பிள்ளையிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். நடந்தது என்ன என்று தமிழ் தெரிந்த ஓட்டோக்காரன் ஒருவன் பொலிஸ்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் திரும்பிக் குடைக்காரனைப் பார்த்தார். குடைக்காரன் தானாகவே ஒரு குடையை விரித்து, கிழவியின் எக்ஸ்ரே உறைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நானூறு என்றான்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு, நாங்கள் குனிந்து கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, சமையல் சுமார்தான், கோவம் கொஞ்சம் கூடன்னு சொன்னீங்களே. பெத்தவங்க தன்னடக்கமாச் சொல்றாங்கன்னு நெனச்சேன். அதுவும் நெசந்தானா?"

"நெசந்தாங்க. பருப்பு மட்டும் நல்லா வெப்பா."

நான் அவளுடைய மற்றக் காலையும் மிதித்தேன். அப்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத பையன். கையில் கடலைச் சுருளைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்குப் பருப்பு போதும்மா."

அந்த அம்மா சிரித்துவிட்டார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்துக்கொண்டே சேலைப் பையை இவள் கையில் கொடுத்தார். அதற்கும் கடை முதலாளி கூட்டித்தான் சொன்னாரா என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள், நான் என் தொடையைத் தடவினேன். "அப்ப வாங்க, உள்ள போய்ச் சொல்லுவோம். கொஞ்சம் மெதுவா" என்று அந்த அம்மா முன்னால் நடந்தார்.

நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே போனில் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. லயத்து வாசல் முழுக்கக் கூட்டம். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறாள் ஒருத்தி, பொலிஸ் இவளைப் பிடித்துக்கொண்டு போனது என்கிறாள் இன்னொருத்தி. மகள் காம்பராக் கதவைப் பிடித்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று தாய் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். இவள் யாருக்கும் அவசரமாகப் பதில் சொல்லவில்லை. கூறைச்சேலைப் பையை மகள் கையில் வைத்தாள். வாசலுக்கு வந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள்.

"பையன் காணாமப் போனது நெசந்தான். கெடச்சிட்டான். இனி யாரு வந்து கேட்டாலும் திருப்பிக் குடுக்கிறதா இல்ல."